களஞ்சியத்தில் மூன்று நட்சத்திரங்கள்

சூரிப்பாம்பா
நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை

என் அருமை மகள் நெலிடாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இரண்டு கழுதைகளும் பதினோரு ஆடுகளும் இந்தக் காகிதத்தை எடுத்த நேரம் வரைக்கும் உயிரோடும் பசியில்லாமலும் இருக்கிறோம், நீயும் அங்கே ஜெனோவாவில் அந்த ஹோட்டல் அடுக்களையில் கை சுட்டுக்கொள்ளாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் மெழுகுவத்தி ஏற்றுகிறாள். கடையில் இருக்கும் போனில் இதையெல்லாம் பேச முடியாது என்பது உனக்கே தெரியும், நான் அங்கே வாயைத் திறந்தால் உப்பு வாங்க வந்தவன், சர்க்கரை வாங்க வந்தவள், சும்மா வெயில் காய வந்தவன் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாளை கிழங்கு லாரி கூஸ்கோவுக்குப் போகிறது, டிரைவரிடம் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன். எழுத்து பெரிதாகவும் வரி மேலும் கீழுமாகவும் இருக்கும், பொறுமையாகப் படி, இரண்டு தரம் படித்தாலும் பரவாயில்லை.

இந்த வருஷம் ஊரார் என்னை வயல் காவலுக்கு வைத்தார்கள் என்று மே மாதமே எழுதியிருந்தேன். உனக்கு அதன் கனம் தெரியும். ஆலங்கட்டி விழுந்தாலும் உறைபனி கருக்கினாலும் ஊர் முழுக்கக் காவல்காரன் முகத்தைத்தான் பார்க்கும், காவல் கோலை வாங்கினவன் அறுவடை முடியும்வரை வானத்துக்கு ஜாமீன் கொடுத்த மாதிரி. உன் மாமா கிரிமால்தோவுக்கு இதில் மகா வருத்தம். இந்த வருஷம் கோல் தன் கைக்குத்தான் வரும் என்று அவன் புதுப் போர்வையே நெய்து வைத்திருந்தான், கூட்டத்தில் என் பேரைச் சொன்னதும் அந்தப் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனவன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். பேசாவிட்டால் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன், உன் அம்மா வழி ஆட்களின் முறுக்கு எனக்குப் புதிதா என்ன.

ஜூனில் புனித யோவான் திருநாளை ஒட்டி வழக்கம்போல மூன்று விடியற்காலை மலை முகட்டுக்கு ஏறினோம், ஏழு ஆண்கள், குளிருக்கு மெல்ல ஆளுக்கு ஒரு பிடி கோக்கா இலை. கார்த்திகைக் கூட்டம், நம் களஞ்சியம், பனிமலையின் தோளுக்கு மேலே எழும்பி எத்தனை நட்சத்திரம் காட்டுகிறது, எவ்வளவு பளிச்சென்று காட்டுகிறது என்று பார்த்துத்தானே ஊர் கிழங்கு நடுகிறது. ஒன்பது பத்து தெளிவாக எண்ண முடிந்தால் மழை நேரத்தோடு வரும், அக்டோபர் தொடக்கத்திலேயே நட்டுவிடலாம். மங்கிக் கிடந்தால் மழை பிந்தும், ஒரு மாதம் தள்ளித்தான் நட வேண்டும், முந்திக்கொண்டு நட்டவன் விதை மண்ணிலேயே காய்ந்து போகும். முதல் இரண்டு விடியலும் மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் திருநாளன்று அதே மூட்டம், அதோடு காது மடலை அறுக்கிற காற்று. கீழே ஊரில் தீ மூட்டிச் சூடாகப் பானம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், வாசனை மேலே வரைக்கும் வந்தது. ஒவ்வொருத்தனாக, இனிமே எங்க தெறக்கப் போகுது, நீ காவக்காரன், நீயே பாத்துட்டு வாய்யா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். நான் தனியாக நின்றேன். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது மேகம் கிழிந்தது. களஞ்சியம் அங்கே இருந்தது. எண்ணினேன், மூன்று. திரும்ப எண்ணினேன், மூன்றுதான், மற்றதெல்லாம் மாவு சிந்தின மாதிரி ஒரு வெளுப்பு. அதற்குள் மேகம் மூடிக்கொண்டது. அவ்வளவுதான் நான் பார்த்தது. இறங்கி வந்து தலைவர் ஏவாரிஸ்தோவிடம் மூணுன்னு சொன்னேன், புனித இராயப்பர் திருநாள் கூட்டத்தில் ஊர் முழுதும் கை தூக்கி, நடவு நவம்பர் முதல் வாரம் என்று தீர்மானம் போட்டாயிற்று. நாற்பத்திரண்டு வீடும் என் ஒரு வார்த்தைக்காக விதைக்கிழங்கைப் பூட்டி வைத்தார்கள்.

இனி நான் சொல்வதைக் கேட்டுப் பதறாதே. செப்டம்பரில் சிலுவைத் திருநாள் விருந்தில் தலைவருக்குச் சோளக் கள் ஊற்றினேன், கோப்பைக்கு வெளியே, அவர் மடியில், ஒரு சொட்டு விடாமல் அத்தனையும். எல்லாரும் நான் குடித்துவிட்டேன் என்று சிரித்தார்கள், நான் அன்றைக்கு நாக்கில்கூட வைக்கவில்லை. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசலில் என்னை நிறுத்தி என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, இது எத்தன வெரலு, சொல்லுங்க என்றாள். வெரலா, எங்க காட்டுற என்று கேட்டேன். மறுநாள் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள், அங்கே இருக்கிற நர்ஸ் ஒரு சின்ன விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, பெரியவரே, இடது கண்ணுல புரை முழுசா விழுந்திருச்சு, வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு, இது நேத்து இன்னிக்கு வந்ததில்ல, ஒரு வருஷமாவது இருக்கும் என்றாள். ஒரு வருஷம் என்றால் கணக்குப் பார், ஜூன் மாதம் அதற்குள்தான் வருகிறது. நர்ஸ் அடுத்து என்ன சொன்னாள் என்று எனக்குக் காதில் விழவில்லை. அந்த விடியலில் முகட்டின் மேலிருந்து கீழே பார்த்தபோது ஊரில் எரிந்த தீயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு வட்டம் தெரிந்தது, புகை என்று நினைத்துக்கொண்டேன். புகைதானா, என் கண்ணா? நான் பார்த்த மங்கல் வானத்தில் இருந்ததா, என் முகத்திலேயே இருந்ததா? அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று.

நான் யாரிடம் போய்க் கேட்பது சொல். யானெத் டீச்சரிடம் என் கண்ணைச் சொல்லாமல், பிள்ளைகளுக்குத் தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரி, நட்சத்திரம் ஏன் டீச்சர் சில வருஷம் மங்குது என்று கேட்டுப் பார்த்தேன். சிக்குவானி ஊர்க்காரி அவள், கேட்டால் போதும், கரித்துண்டை எடுத்துக்கொண்டு சுவரிலேயே வரைய ஆரம்பித்துவிடுவாள். கீழே நம் மலை, அதற்கு மேலே மழை மேகம் நிற்கிற அடுக்கு, அதற்கும் மேலே கண்ணுக்கே தெரியாத மெல்லிசான பனித்தூள் மேகம், கடல் சூடேறுகிற வருஷங்களில் அது கூடுதலாகப் படருமாம், அதற்கும் மேலே போகப்போகக் காற்று மெலிந்து மெலிந்து ஒன்றுமே இல்லாத இருட்டு, நட்சத்திரங்கள் அதற்கும் எங்கேயோ அப்பால். கடைசியில் அவள் சொன்னாள், நட்சத்திரம் எந்த வருஷமும் ஒரே மாதிரிதான் எரியுது, நமக்கும் அதுக்கும் நடுவுல இருக்கறதுதான் மாறுது. நான் தலையாட்டினேன். நடுவில் இருக்கிற அடுக்குகளையெல்லாம் அவள் கீழிருந்து மேலே வரைந்திருந்தாள், எல்லாவற்றுக்கும் கீழே, எனக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிற அடுக்கை மட்டும் அவளுக்குத் தெரியாததால் வரையவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செப்டம்பர் கடைசியில் மழை வேறு வந்து தொலைத்தது. ஐந்து நாள், மெதுவாக, மண்ணுக்குள் இறங்குகிற அருமையான மழை. நீ இங்கே இருந்திருந்தால் வாசனைக்கே அழுதிருப்பாய். நான் அழவில்லை, கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உச்சுப்பாத்தாக்காரர்கள் ஏர்க்கோலைத் தூக்கிவிட்டார்கள், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அவர்கள் வரிசையாக நின்று மண்ணைப் புரட்டுவது தெரிகிறதாம். நம் ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று அதைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்கள். கிரிமால்தோ மாமா நாலு மாதமாகப் பேசாமல் இருந்தவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லார் முன்னாலும், என்ன மச்சான், ஒன்னோட நட்சத்திரம் இன்னும் எந்திரிக்கலியா, கொஞ்சம் உலுக்கிப் பாக்கறதுதானே என்றான். இன்னொரு நாள், மச்சானுக்குக் கை வலிக்குது போல, அதான் நடவ நவம்பருக்குத் தள்ளிட்டாரு என்றான். வீடு வீடாகப் போய், நட்டுருவோம், நட்டுருவோம் என்று ஓயாமல் தூபம் போட்டான். நாலைந்து பேர் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக் கொல்லையில் ஒரு மூலையில் நட்டுக்கூட விட்டார்கள். நான் காவல்காரன், தட்டிக் கேட்க வேண்டியவன், ஆனால் எந்த முகத்தோடு கேட்பேன்?

இதிலே நான் செய்த ஒரு காரியத்தை உனக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு எழுதத் தெம்பு இருக்குமோ இருக்காதோ. அந்த மழை வாரத்துச் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகும்போது பாலத்தில் உன் நிக்காசியா அத்தை எனக்காகக் காத்து நின்றாள். உச்சுப்பாத்தாவில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷமாகியும் அவள் ஒவ்வொரு வருஷமும் நம் ஊர்க் கணக்கைக் கேட்டுத்தான் விதையைத் தொடுவாள். தம்பி, எங்க ஊர்ல நாளை மறுநாள் நடறாங்க, நீதான் முகட்டுல நின்னு பாத்தவன், எனக்கு மட்டும் சொல்லு, நடட்டுமா வேணாமா என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மூன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால், கண்ணில் புரை வைத்துக்கொண்டு அவள் சோற்றில் மண்ணைப் போட்டவன் ஆகிவிடுவேனோ என்று பயம். கண்ணைப் பற்றிச் சொன்னால் சந்தைக்குள் நுழைவதற்குள் செய்தி நம் ஊருக்கு வந்துவிடும், கோல் போய்விடும் என்று இன்னொரு பயம். ஊரோட சேந்து செய்யுக்கா, என்னயக் கேக்காத என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். அவள் பின்னாலிருந்து, ஒடம்பு சரியில்லியாடா என்று கேட்டது காதில் விழுந்தது. விழாத மாதிரி போய்விட்டேன்.

அதற்கப்புறம் வீட்டில் தினமும் சண்டைதான். உன் அம்மா, வாயத் தெறக்காதீங்க, தெறந்தா நாளைக்கே எல்லாரும் நட்டுருவாங்க, நீங்க பாத்தது நெசமா இருந்தா ஊரு பட்டினி கெடக்கும் என்பாள். நான், பொய்யா இருந்தா என்பேன். பொய்யா இருந்தா நாம மட்டும் பட்டினி கெடப்போம், அது பழகினதுதானே என்பாள். அவளோடு பேசி யார் ஜெயித்தது. ஆனால் என்னால் முடியவில்லை நெலிடா. நாற்பத்திரண்டு வீட்டு அடுப்பு என் கண்ணை நம்பி இருக்கிறது, அந்தக் கண்ணில் புரை என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரியும் என்றால், தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமா வேண்டாமா? அக்டோபர் பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நடவை முன்னுக்குக் கொண்டு வரலாமா என்று பேசத் தலைவர் கூட்டம் போட்டார். பள்ளிக்கூட முற்றத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள், கைக்குழந்தைக்காரிகள் உட்பட. நான் எழுந்து, காவல் கோலைத் தலைவர் மேஜை மேல் வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். என் எடது கண்ணுல புரை, ஜூன்லயும் இருந்திருக்கும், நான் மூணு பாத்தது சத்தியம், ஆனா மூணுதான் இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது.

முற்றமே இரைந்தது. குருட்டுக் கண்ண வச்சிக்கிட்டு ஊரக் கட்டிப் போட்டானே பாவி என்று ஒருத்தி. நாலு மாசமாத் தெரியும், இப்பத்தான் சொல்றான் என்று ஒருவன், எனக்கு ஒரு மாதமாகத்தான் தெரியும் என்று நான் சொல்வதை யார் கேட்டார்கள். நாளைக்கே நடுவோம், இன்னிக்கே நடுவோம் என்று கூச்சல். யானெத் டீச்சர் மேசை மேல் ஏறாத குறையாகக் கத்தி, கடல் சூடேறியிருக்கிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள், காற்றுக்கும் மேலே ஒரு செயற்கைக்கோள் நின்று மேகங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறது, அதுவும் மழை பிந்தும் என்றுதான் சொல்கிறது, பொறுங்கள் என்றாள். பின்னாலிருந்து ஒரு கிழவர், அந்தக் கண்ணுக்கும் பொரை விழுந்திருக்கான்னு கேட்டுச் சொல்லு டீச்சர் என்றார், அவ்வளவு கோபத்திலும் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தலைவர் சரி, கை தூக்குங்கள், முன்னாலேயே நடலாம் என்பவர்கள் யார் யார் என்றார். கிரிமால்தோ முதல் ஆளாக, நட்டுத் தொலைங்க என்று சத்தம் போட்டான், கைகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து உன் அம்மா எழுந்தாள். அவள் கூட்டத்தில் வாயைத் திறந்து நீயும் நானும் கண்டதில்லை. கிரிமால்தோ அண்ணே, ஒரு விஷயம் கேக்கறேன், கோவிச்சிக்காத என்று ஆரம்பித்தாள். மூணு வாரமா நடுங்க நடுங்கன்னு தொண்ட கிழியக் கத்துறியே, கத்துனவன் எல்லாம் கொல்லையில ஒரு மூலை நட்டுட்டான், எனக்குத் தெரியும், ஆடு மேய்க்கப் போற வழியில எல்லாத்தையும் பாக்கறேன். ஒன்னோட வயல் மட்டும் ஏன் இன்னும் பெரட்டாமக் கெடக்கு? விதைக் கிடங்கு வாசல்ல பூசின களிமண்ணுகூட ஒடையல. ஊருக்கு நடச் சொல்ற, நீ மட்டும் ஏன் நடல? தூக்கின கைகள் தூக்கினபடி நின்றன. கிரிமால்தோ தொப்பியைக் கழற்றினான், உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்தான், மறுபடி போட்டான். ஒடம்பு முடியல, அதான் என்றான். காளமாடாட்டம் இருந்துக்கிட்டு ஒடம்பு முடியலியாம் என்று அவன் மனைவியே சொன்னாள், அதற்கு மேல் அவனுக்குப் போக இடமில்லை.

கடைசியில் சொன்னான். புனித யோவான் விடியலில் அவன் எங்களோடு வரவில்லை, கோபத்தில் மலையில் இருக்கிற தன் ஆட்டுக் கொட்டிலுக்குப் போய்ப் படுத்திருந்தான், மேகம் கிழிந்த நேரம் அவனும் வெளியே நின்றிருக்கிறான். நானும் பாத்தேன், மூணுதான், நாலாவது இருந்துச்சா இல்லியான்னு சத்தியம் பண்ண மாட்டேன் என்றான். பிறகு ஏனய்யா இத்தனை நாள் சொல்லவில்லை என்று தலைவர் மேஜையைத் தட்டினார். கோலு எனக்கு வரவேண்டியது, இவன் ஒத்தையா நின்னு கொஞ்சம் பதறட்டுமேன்னு இருந்தேன், அதுக்குத்தான் நடுங்கன்னும் கத்துனேன், நீங்க நெசமாவே நடப் போவீங்கன்னு எனக்கென்ன தெரியும், எல்லாரும் கை தூக்கியிருந்தா சொல்லியிருப்பேன் என்றான். சொல்லியிருப்ப சொல்லியிருப்ப, எங்க கருமாதி சோத்த வந்து தின்னுட்டு சொல்லியிருப்ப என்றாள் உன் அம்மா. நான் அவனை அடிக்கப் போனேன், மறைக்கவில்லை, போனேன், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் பிடித்தவர்கள் கையிலேயே நான் தொங்கிப் போய்விட்டேன், நான் பார்த்தது வானத்தில் இருந்தது, என் கண்ணில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நடவு நவம்பர்தான் என்று தலைவர் மறுபடி எழுதினார். கோலைத் திரும்ப என் கையில் கொடுத்தார்கள், ஆனால் இனிமேல் முகட்டில் ஒருவன் தனியாக நிற்கக் கூடாது, இரண்டு பேர் நிற்க வேண்டும், அந்த இரண்டாவது ஆள் கிரிமால்தோ என்று தீர்மானம். தண்டனை அவனுக்கா எனக்கா என்று இன்னும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்த கையோடு நான் ஆற்றைத் தாண்டி அத்தை வீட்டுக்கு ஓடினேன். எல்லாம் நட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தை வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டின சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள், பதினோரு மூட்டையும் உள்ள போயிடுச்சு தம்பி, நல்ல ஈரம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். என்னால் அங்கே எதையும் சொல்ல முடியவில்லை, கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு ஒரு துளி மழை இல்லை. அக்டோபர் முழுதும் வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி நின்றது, பகலில் உச்சி வெயில், விடியலில் உறைபனி. உச்சுப்பாத்தாவில் முளை இரண்டு விரல் உயரம் வந்து அப்படியே கறுத்துப் போயிற்று, பெண்கள் ஆற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றிப் பார்த்தார்கள். நம் ஊரில் கொல்லையில் ஒளித்து நட்டவர்களும் கறுத்துப்போன செடியை யாருக்கும் தெரியாமல் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டார்கள். வழியில் பார்க்கிறவர்கள் இப்போது தொப்பியைத் தொட்டு எனக்கு மரியாதை செய்கிறார்கள், எனக்கு அது நெருப்பில் நிற்பது மாதிரி இருக்கிறது.

எங்கள் பக்கம் போன செவ்வாய்க்கிழமை மழை இறங்கியது, நின்று பெய்தது, மறுநாளும் பெய்தது. ஊர் முழுக்க நடவு நடக்கிறது. நாங்கள் மட்டும் பாதி வயல்தான் நடுகிறோம், ஏனென்றால் நம் ஒன்பது மூட்டை விதையில் நாலு மூட்டையை வியாழக்கிழமை இரண்டு கழுதை மேலும் ஏற்றி நான் அத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன். உன் அம்மா தடுக்கவில்லை, நல்ல கிழங்காகப் பார்த்து அவளேதான் பொறுக்கிக் கட்டினாள். வருகிற வருஷம் வீட்டில் ஏன் இவ்வளவு சிக்கனம் என்று கேட்காதே, காரணம் இதுதான். அத்தை மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், கண், நர்ஸ், பாலம், பயம், எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் எனக்கும் பாரம் இறங்கும் என்றுகூட நினைத்தேன். அவள் திட்டவில்லை. கழுதையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, அன்னிக்குப் பாலத்துல, அக்கா எனக்கு ஒரு கண்ணு போச்சு, ஆனா நான் பாத்தது மூணுன்னு சொல்லியிருந்தீன்னா நான் நட்டிருக்க மாட்டேன்டா என்றாள். அந்த ஒரு கண்ணு எனக்குப் போதும்டா ஹிப்போலித்தோ, ஒன்னய யாரு ரெண்டு கண்ணு கேட்டா? அப்படிச் சொல்லிவிட்டு மூட்டையை உள்ளே இழுத்துப் போனாள். நான் ஆற்றங்கரை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன், கழுதைகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

அதனால் உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் நீ போனில், ஏம்ப்பா உங்க எழுத்து இப்பிடிக் கோணிக்கிட்டுப் போகுது என்று கேட்டாய், பேனா சரியில்லை என்றேன். எழுத்து கோணுவது எனக்கே தெரியும், ஏன் என்று என்னை நானே கேட்டுப் பார்க்கப் பயந்துகொண்டு பழியைப் பேனா மேல் போட்டேன். இடது கண் முழுதாகப் போயிற்று, வலது கண்ணில் பாதி இருக்கிறது, அந்தப் பாதியில்தான் இதை மூன்று நாளாக எழுதுகிறேன். கூஸ்கோவில் அறுவை செய்தால் திரும்பக் கிடைக்கும் என்று நர்ஸ் சொல்கிறாள், கிழங்குக்கு மண் அணைத்து முடித்ததும் பிப்ரவரியில் போவதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன், அம்மா கூட வருவாள். நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். வர வேண்டாம் என்று சொல்வதால் அப்பாவுக்குப் பயமில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, கண்ணில் கத்தி வைப்பார்கள் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது, இதை அம்மாவிடம் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

பனிமலைகளும் நம்முடைய பரிசுத்த கன்னித்தாயும் உன்னைத் தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் காக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும், உன் காலடி சறுக்காதிருக்கட்டும். அம்மா உன் நெற்றியில் முத்தமிடச் சொன்னாள், வெந்நீரில் பாத்திரங்களைக் கழுவிவிட்டு உடனே குளிருக்குள் போகாதே என்றும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைக்குப் போன் பண்ணு. ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை, கண் எப்படி இருக்கிறது என்று சத்தமாகக் கேள், நானும் சத்தமாகவே பதில் சொல்கிறேன்.

உன் அன்பு அப்பா,
ஹிப்போலித்தோ யூக்ரா